ஒளிரும் சொற்கள்

கேள்வி: க்ளோ, க்ளிட்டர், க்ளீம் என்று ‘ஜிஎல்’ எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் ஒளியையே குறிக்கின்றனவே, தற்செயலா?

பதில்: இல்லை. அவற்றில் பல ஒரே பழைய வேரில் கிளைத்தவை. மகிழ்ச்சியைச் சொல்லும் ‘க்ளாட்’கூடப் பழைய ஆங்கிலத்தில் ‘பளபளப்பான’ என்ற பொருளிலும் வழங்கியது.

ஆனால், வேர் மட்டுமே காரணமில்லை. ‘எஸ்என்’ வரிசையைப் பாருங்கள்: ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் விலங்கின் மூஞ்சி. எல்லாம் மூக்கு சமாசாரம்! தும்மலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ முன்பு ‘எஃப்என்’ என்று தொடங்கிய சொல். அந்தக் கூட்டெழுத்து வழக்கொழிந்தபோது, மூக்குச் சொற்களோடு வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த சொல்வரலாறு இது.

இத்தகைய ஒலிச்சேர்க்கைகளைப் பற்றி மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபிர்த் 1930இலேயே எழுதியிருக்கிறார். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பசையான ‘க்ளூ’வுக்கும் கையுறையான ‘க்ளவ்’வுக்கும் ஒளியோடு எந்தத் தொடர்பும் இல்லை.