நீர்க்கடுப்பு: வெறும் சூடு அல்ல!

தம்பதிகளே! "சூடு பிடிச்சுக்கிச்சு, மோர் குடிச்சா சரியாப் போகும்" என்று நீர்க்கடுப்பை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம், குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. அதன் உடம்பில் மயிர் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. இழை நுனியிலுள்ள புரதம், நாயுருவி முள் சேலையில் ஒட்டுவது போல, சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். சிறுநீர் அடித்துப் போனாலும் கிருமி போகாது.

கர்ப்பிணிக்கு இது சிறுநீரகம் வரை ஏறினால் குறைமாதப் பிரசவம் நேரலாம். கடுப்பே தெரியாமலும் கிருமி இருக்கும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

1. தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள்.
2. தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழியுங்கள்.
3. முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.
4. கடுப்பு நின்றாலும், டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுவதும் சாப்பிடுங்கள்.

கணவரே! மனைவி சொல்ல வெட்கப்படலாம். நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.