முட்டுக்கட்டை

நற்காரியம் ஒன்றை ஒருவன் தடுப்பானாயின், 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று அவனை இகழ்வது நம் வழக்கம். அவ்விகழ்ச்சி கட்டைக்குத் தகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருவாரூர் ஆழித்தேர் ஏறக்குறைய 300 டன் எடையுள்ளது. அத்தகைய பெருந்தேரை நிறுத்துவதும் திருப்புவதும் நெடுங்காலமாகச் சக்கரத்தடியில் இடும் முட்டுக்கட்டையின் தொழில். பிற்காலத்தே ஹைட்ராலிக் பிரேக்குகள் பொருத்தப்பெற்றும் கட்டைகள் கைவிடப்படவில்லை. பிரேக்குள்ள தேருக்கே கட்டை வேண்டுமாயின், சரிவில் நிற்கும் மோட்டார் வண்டிக்கு அது வேண்டாவென்று கூறலாமோ?

நிற்கும் வண்டியைச் சரிவு ஓயாது இழுத்துக்கொண்டேயிருக்கிறது. பத்தடிக்கு ஓரடி உயரும் பாதையில் 10 டன் லாரி நிற்குமாயின், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 1 டன் எடைக்குச் சமம். நல்ல கைப்பிரேக்கு இதனைத் தாங்கும். ஆயினும், பல வண்டிகளில் அதன் கம்பி நாளடைவில் தளரும், பட்டை தேயும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் மாணவர் சிலருடன் ஒரு வேனிற் கொல்லிமலைக்குச் சென்றோம். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய அப்பாதையின் ஏற்றத்தில் பின்சக்கரமொன்று காற்றிழந்தது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்து, கியரிலும் நிறுத்தி, ஜாக்கியால் வண்டியைத் தூக்கினார். சக்கரம் தரையைவிட்டு எழுந்ததும் வண்டி நான்கு விரற்கடை பின்னோக்கி நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது. அருகே மாணவரொருவர் குனிந்திருந்தார். முன்சக்கரத்தின் பின்னே கிளீனர் முன்னரே இட்டிருந்த கட்டையில் டயர் முட்டவே, வண்டி நின்றது. நமக்கும் உயிர் வந்தது.

காரணம் யாது? அவ்வண்டியின் கைப்பிரேக்கு பின்சக்கரங்களை மட்டுமே பற்றுவது. ஒன்று அந்தரத்தில் நின்றமையால், தேய்ந்த மற்றொன்றே பாரம் முழுவதையும் தாங்க நேர்ந்தது. கியரும் உதவவில்லை, டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி, தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல, தரையிலுள்ளது மறுபுறம் உருள இடங்கொடுத்துவிடும்.

ஆதலின், தூக்குவதற்கு முன்னரே, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டையிடல் வேண்டும். சரிவாயின் பள்ளத்தின் பக்கத்திலும், சமதரையாயின் இருபுறத்திலும் இடுக. டயரின் நடுவில், இடைவெளியின்றி ஒட்டியிருத்தல் அவசியம். அன்று வண்டி நகர்ந்த நான்கு விரற்கடையும், கட்டைக்கும் டயருக்கும் இடையே விட்டிருந்த இடைவெளியேயாம். உயரம் சக்கர விட்டத்திற் காற்பங்கேனும் இருத்தல் நன்று. அதனை ஏறிக் கடக்க, அச்சக்கரம் தாங்கும் எடையினும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு விசை வேண்டுமென்பது யந்திரநூற் கணக்கு. எனினும் ஈரத்தரையிலும் மணலிலும் கட்டையே சறுக்குமாதலின், உறுதியான தரையைத் தேர்க. ஓடத் தொடங்கிய வண்டியின்முன் கட்டையுடன் பாய்தல் கூடவே கூடாது.

புறப்படுங்கால், ஓட்டுநர் அமர்ந்து பிரேக்கை மிதித்த பின்னரே, பக்கவாட்டில் நின்று கட்டையை எடுத்தல் வேண்டும். கட்டைக்குப் பதிலாகக் கல்லை வைத்தோர் பலர் அதனைச் சாலையிலேயே விட்டுச் செல்கின்றனர். இருளில் இருசக்கர வண்டியில் வருவோனுக்கு அக்கல் யமனாகிறது.

இட வேண்டிய வேளையில் இட்டு, எடுக்க வேண்டிய வேளையில் எடுத்தால் முட்டுக்கட்டை காவலாம். இட மறப்பது நமக்குக் கேடு. எடுக்க மறப்பது பிறர்க்குக் கேடு. இகழ்ச்சிக்குரியது கட்டையன்று, நம் மறதியே.