மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். செமஸ்டர் நெருங்கிவிட்டது, ராத்திரி பத்து மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்துவிட்டு இரண்டு மணிவரை படிக்கிறேன் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. காபியை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. எந்த நேரத்தில் குடிக்கிறாய் என்பதுதான் என் கவலை.

காபி தெம்பு தருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது அசதியை மறைக்கிறது, அவ்வளவுதான். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்கான ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் மூளையின் வேகம் தணிந்து கண் சொக்கும். கஃபீனின் அமைப்பும் ஏறத்தாழ அடினோசினைப் போன்றதே. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படி அந்த இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் இறங்கிப் போய்விடவில்லை. இடமில்லாமல் நிற்கிறது, மேலும் மேலும் ஏறிக்கொண்டும் இருக்கிறது. கஃபீன் விலகியதும் மொத்தமும் உட்காரும். காபி வேகம் இறங்கும்போது உனக்கு வருகிற அந்தக் களைப்பு இதுதான்.

குடித்த கஃபீன் முக்கால் மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடும். வெளியேறுவதற்குத்தான் நேரமாகும். கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி அதைச் சிதைக்க வேண்டும். பாதி குறைவதற்கே சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி பத்துக்குக் குடித்தால் விடியற்காலை மூன்றுக்குப் பாதி இருக்கும். காலை எட்டுக்கும் கால் பங்கு மிச்சம். நீ படுக்கும் இரண்டு மணிக்குப் பாதிக்கு மேல் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம் வந்தாலும் ஆழ்ந்த உறக்கம் குறைந்துபோகும். பகலில் படித்தது மனசில் நன்றாகப் பதிய அந்த உறக்கம் வேண்டும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குக்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது.

உன் அறைத்தோழி காபி குடித்த கையோடு தூங்குகிறாள் என்றாய். அவள் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு. அந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தங்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் அந்த நொதியைத் தடுக்கும். மருந்தகத்தில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் காபியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புவேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் திடீரென்று மூச்சு நின்று நின்று வரும். அதற்குக் கொடுக்கும் மருந்தே கஃபீன் சிட்ரேட்தான். அந்தப் பிஞ்சுக் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாததால், பாதி குறைய மூன்று நான்கு நாள் ஆகும். நாளுக்கு ஒரு வேளை கொடுத்தாலே போதும். இவ்வளவு வீரியமான பொருளை நாம் பானம் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம்.

அளவைக் கசப்பை வைத்து முடிவு செய்யாதே. சிக்கரி கசக்கும், ஆனால் அதில் கஃபீன் கிடையாது. ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உண்டு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. காபிக்கு மேல் எனர்ஜி டிரிங்க்கும் குடித்தால் கணக்கு எகிறிவிடும். அது வேண்டவே வேண்டாம்.

திடீரென்று நிறுத்தவும் செய்யாதே. பழகிய மூளை 12 மணி நேரத்துக்குப் பிறகு தலைவலியாகக் காட்டும். சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கும். ராத்திரிக் காபியை முதலில் அரை டம்ளராக்கு, பிறகு மாலைக்குக் கொண்டு வா, கடைசியில் மூன்று மணிக்குள் முடித்துக்கொள். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து படி. ஆசையாகக் காபி குடிக்க அதுதான் நேரம். நெஞ்சு படபடப்போ கை நடுக்கமோ இருந்தால் மறைக்காமல் அன்றைக்கே எனக்குப் போன் செய், கண்ணு.

அன்புடன்,
சித்தி