மாணவர் பாடம்: விண்டோஸ் கணினியில் கணக்கு நூலகம் அமைப்பது எப்படி?

கணக்குச் செய்யும் முறைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நேயர்கள் அறிவர். அத்தகைய கணக்கு முறைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைச் சி மொழியில் எழுதி, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் களஞ்சியம் ஒன்று உண்டு. ‘க்னூ சயின்டிஃபிக் லைப்ரரி’ என்பது அதன் பெயர். சுருக்கமாக ஜிஎஸ்எல் என்பர். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் கலாசி, ஜேம்ஸ் தைலர் ஆகிய இருவரும் 1996-இல் இப்பணியைத் தொடங்கினர்.

சென்ற விடுமுறையில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கிலேயே குடியிருக்கும் மாணவத் தம்பி ஒருவர் மடிக்கணினியுடன் என் வீட்டுக்கு வந்தார். இந்நூலகத்தை அமைக்க மூன்று நாட்கள் முயன்றும் இயலவில்லையாம். “எனக்கு இந்தப் படிப்பு வராது காக்கா, வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாமென்று நினைக்கிறேன்” என்றார். பார்த்தேன். அவரிடம் அறிவுக் குறை யாதொன்றும் இல்லை. வழி சொல்லுவார் இல்லாத குறைதான். அவருக்குச் சொன்னதையே ஈண்டு எல்லா மாணவர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஒரு விருந்தை எண்ணிப் பாருங்கள். பண்டாரியின் பெயர் நம் பட்டியலில் இருந்தால் மட்டும் சோறு வெந்துவிடாது. அவரோடு பேசி ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். விருந்தன்று அவர் நேரில் வரவும் வேண்டும். நூலகமும் அவ்வாறே மூன்று வேளைகளில் தேடப்படுகிறது.

முதல் வேளை: கம்பைலர் நம் நிரலைப் படிக்கும்போது ‘ஹெடர்’ என்னும் பெயர்ப்பட்டியல் கோப்பைத் தேடும். கிடைக்காவிடில் “அப்படியொரு கோப்பு இல்லை” என்னும்.

இரண்டாம் வேளை: துண்டுகளை இணைக்கும் ‘லிங்கர்’ நூலகத்தைத் தேடும். கிடைக்காவிடில் “அண்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்” என்னும். பெயர் தெரிந்தது, ஆளைக் காணோம் என்பதே இதன் பொருள்.

மூன்றாம் வேளை: முடிந்த நிரலை ஓட்டும்போது விண்டோஸ், ‘டிஎல்எல்’ என்னும் கோப்பைத் தேடும். கிடைக்காவிடில் நிரல் திறக்கவே மறுக்கும்.

பிழைச் செய்தி எதுவாயினும், இம்மூன்றில் எந்த வேளையைச் சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும்.

இனி அமைக்கும் முறை. எம்-எஸ்-ஒய்-எஸ் 2 என்னும் இலவசத் தொகுப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுக. நிறுவியபின் தொடக்கப் பட்டியலில் பல சாளரங்களின் பெயர் தோன்றும். ‘யூசிஆர்டி 64’ என்பதையே திறக்க வேண்டும். புதியவர்கள் வழிதவறும் இடம் இதுவே. அச்சாளரத்தில் ‘பேக்மேன்’ என்னும் கட்டளையால் ஜிசிசி கம்பைலரையும் ஜிஎஸ்எல் நூலகத்தையும் வரவழைக்கலாம். இரண்டின் முழுப் பெயரிலும் ‘யூசிஆர்டி’ என்னும் சொல் உள்ளதா என்று பார்த்துக்கொள்க. கம்பைலர் ஓரிடம், நூலகம் வேறோரிடம் என்று எடுத்தால் இரண்டும் ஒத்துப்போவது அரிது. நம் தம்பி செய்த பிழையும் அதுவே. கம்பைலர் 32 பிட், நூலகம் 64 பிட்!

நிரலை இணைக்கும்போது, கட்டளையில் நிரற்கோப்பின் பெயரை எழுதியபின், ஒரு சிறு கோடும் சிற்றெழுத்து ‘எல்’லும் இட்டு, இடைவெளியின்றி ‘ஜிஎஸ்எல்’ என்று எழுதுக. அடுத்து அவ்வாறே ‘ஜிஎஸ்எல்சிபிளாஸ்’, அதன்பின் ‘எம்’. எல்லாம் சிற்றெழுத்தே. வரிசை மாறி, இவற்றை நிரற்கோப்புக்கு முன்னே எழுதினால் இரண்டாம் வேளைப் பிழை தோன்றக்கூடும்.

அச்சாளரத்தில் ஓடும் நிரல், வெளியே இருமுறை சொடுக்கினால் ஓடாதிருக்கலாம். இது மூன்றாம் வேளைப் பிழை. யூசிஆர்டி 64 அடைவிலுள்ள ‘பின்’ என்னும் அடைவை விண்டோஸின் ‘பாத்’ பட்டியலில் சேர்க்கலாம். அல்லது வேண்டிய டிஎல்எல் கோப்புகளை நிரலின் பக்கத்திலேயே வைக்கலாம். ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து டிஎல்எல் கோப்புகளை இறக்காதீர்கள். அவற்றோடு கணினிக்குக் கேடும் வந்து சேரலாம்.

மற்றொரு செய்தி: ஜிஎஸ்எல் ‘ஜிபிஎல்’ உரிமத்தின்கீழ் வருவது. அதனை இணைத்து ஆக்கிய நிரலைப் பிறருக்கு வழங்கினால், மூலநிரலையும் அதே உரிமத்தில் வழங்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பாடசாலைப் பயிற்சிக்கு இதனால் தடையில்லை.

தம்பியின் கணினியில் பழைய தொகுப்புகளை அகற்றி, மேற்சொன்னவாறு செய்தோம். ஒரு மணி நேரத்துக்குள் விடை திரையில் வந்தது. பாடம் மாறும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

பயிற்சி

1. தஃப்பின் வட்டத் தோல் அதிரும் வடிவைக் கூறுவது, ஜெர்மானிய வானியலறிஞர் பெசலின் பெயரால் வழங்கும் சார்பு. 5 என்னும் எண்ணுக்குப் பூச்சிய வரிசைப் பெசல் சார்பின் மதிப்பைக் காண்க. ஏறத்தாழ −0.1776 என வந்தால் உங்கள் நூலகம் செம்மையாக அமைந்துவிட்டது.

2. அதே சார்பு முதன்முதலாகப் பூச்சியமாகும் எண்ணைக் காண்க. விடை ஏறத்தாழ 2.405. தஃப்பின் அடிநாதத்தை நிர்ணயிக்கும் எண்களில் இதுவும் ஒன்று.