நாகரசம்பட்டியிலிருந்து மலைச் சைக்கிள்: தொடக்கக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கே ஓட்டுவது?

வெளிநாடுகளில் மலைச் சைக்கிளுக்கென்றே தடம் வெட்டிய அரசுப் பூங்காக்கள் உண்டு. நம் பக்கம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்கா இருக்கிறது. ஆனால் அது குழந்தைகளோடு உட்காரும் இடம், ஓட்டும் இடமல்ல. அதனால் குறையொன்றும் இல்லை. தென்பெண்ணைப் பாசனம் நமக்கு ஏரிக்கரையும் வாய்க்கால் மேடும் தந்திருக்கிறது. மாந்தோப்புகளுக்கிடையே வண்டித்தடம் ஓடுகிறது. குன்றை இப்போதைக்கு மறந்துவிடுவோம். கரையில் கைபழகிய பிறகே பாறை.

எவ்வளவு செலவாகும்?

முன்பக்கம் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் சுமார் 15,000 ரூபாயிலிருந்து கிடைக்கும். பின்னாலும் ஸ்பிரிங் வைத்துக் குறைந்த விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம், எடைதான் மிச்சம். ஓசூர், பெங்களூரு பக்கம் பழைய சைக்கிள் பாதி விலைக்கும் வரும். ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா, சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்து வாங்கலாம்.

ஹெல்மெட்டுக்கு 1,500, கைப்பம்பு, பஞ்சர் கிட், ஸ்பேர் டியூப் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,500 ஒதுக்குவோம். பளபளக்கும் ஜெர்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முள்ளைச் சமாளிப்பது எப்படி?

நம் ஊரில் முதல் எதிரி மேடல்ல, சீமைக்கருவேல முள். டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று மெதுவாகத் துடையுங்கள். முள் முனை இருந்தால் துணி மாட்டும். அதைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த பர்லாங்கில் மறுபடி பஞ்சர். மண் தடத்தில் டயர் கல்போல இறுகியிருக்கக் கூடாது; 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும்.

எந்த வரிசையில் போவது?

முதலில் அரசம்பட்டிப் பக்கம். தென்னங்கன்றுக்குப் பேர்போன ஊர்; அரசம்பட்டி நெட்டையிலிருந்துதான் ஆழியாறு நகர் ஆராய்ச்சி நிலையம் ஏஎல்ஆர் 1 ரகத்தைத் தேர்ந்தெடுத்தது. தோப்பு ஓரத் தடங்களில் கியர் மாற்றிப் பழகுவோம். மேடு வருமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். ஏறிக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடலாம்.

அடுத்து, நெடுங்கல் அணைக்கட்டுத் தண்ணீர் வந்து சேரும் பாரூர் ஏரி. கரையில் ஒரே சீராக மிதிக்கலாம். இறக்கத்தில் இருக்கையை விட்டுச் சற்று எழுந்து, பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்கையைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரு விரல் போதும். முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் தலைகுப்புறத்தான்.

இது கைவந்ததும் கே.ஆர்.பி. அணை. 1957-இல் காமராஜர் காலத்தில் திறக்கப்பட்டது. காவேரிப்பட்டினத்துக்குப் பிறகு நான்குவழிச் சாலையில் ஏறாமல், உள்ளூர்க்காரர்களைக் கேட்டு ஊர்வழியே போவோம். அணைக்கருகே வறுத்த மீன் கிடைக்கும். திரும்பும் தூரத்தை நினைத்து அளவோடு சாப்பிடுங்கள்.

எதில் கவனம்?

விடியற்காலையில் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பிவிடுவோம். ஞாயிறு போச்சம்பள்ளி சந்தை; அன்று அந்தச் சாலையே வேண்டாம். மற்ற நாளில் சிப்காட் ஷிப்ட் பஸ்கள், மாம்பழக் காலத்தில் லோடு வண்டிகள். தோப்புக்குள் நுழையுமுன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், காய்ப்புக் காலத்தில் கட்டாயம். அணை திறந்தால் தென்பெண்ணைத் தரைப்பாலங்களைத் தாண்டவே கூடாது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போவது குற்றம். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆசைப்பட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் அங்கே வருகின்றன. வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, குறைந்தது இரண்டு பேராக, தார்ச்சாலையிலேயே ஓட்டுங்கள்.