ஆடியோவுக்கு எந்த ஆப்-ஆம்ப்? வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

ப்ரீஆம்ப் கட்டுகிறவர்களில் பலர் சாக்கெட்டில் இருக்கும் என்ஈ5532-ஐக் கழற்றிவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான சிப்பைச் செருகிப் பார்க்கிறார்கள். ஒலி மாறியதுபோலத் தெரியும். பல நேரங்களில் அதற்குக் காரணம், சில மெகாஹெர்ட்ஸில் காதுக்கு எட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆசிலேஷன்தான்.

முதலில் ஒரு கணக்கு. 20 கிலோஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சம் தொடும் சைன் அலைக்கு மைக்ரோ நொடிக்கு 1.26 வோல்ட் ஸ்லூ ரேட் போதும். 1970களின் இறுதியில் வந்த என்ஈ5532 தருவது 9 வோல்ட். டிஎல்072 தருவது 13. அதற்கு மேல் வரும் வேகம் காதுக்காக அல்ல. டிஸ்டார்ஷனைக் குறைக்க லூப் கெயின் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதே அதன் பயன். அந்தப் பயனுக்கான விலையை பிசிபியில்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே சிப்புக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கிட்டார் பிக்கப், 50 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் போன்றவை இருந்தால் ஃபெட் உள்ளீட்டுச் சிப்தான் சரி. என்ஈ5532-இன் உள்ளீட்டில் சுமார் 200 நானோ ஆம்பியர் ஓடும். 50 கிலோ ஓமில் அது 10 மில்லிவோல்ட் ஆகி, வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கும். இந்த இடத்துக்கு என் தேர்வு ஓபிஏ2134. டிஎல்072 மலிவுதான், ஆனால் உள்ளீடு எதிர் சப்ளையை நெருங்கினால் அதன் வெளியீடு திடீரென மேல்நோக்கிப் புரண்டுவிடும். ஓபிஏ2134-இல் அந்தத் தொல்லை இல்லை. முன்னால் இருப்பது சில நூறு ஓம் மட்டுமே என்றால் என்ஈ5532 அல்லது எல்எம்4562.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னதன் அலைவரிசை 10 மெகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 55. கெயின் 2 வேண்டும் என்று இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். எதிர் உள்ளீட்டுக் காலில் சிப்பின் கெபாசிட்டன்ஸ், சாக்கெட், செம்புத் தடம் எல்லாம் சேர்ந்து 10 பிகோஃபாரட் இருக்கலாம். 5 கிலோ ஓமும் 10 பிகோஃபாரட்டும் சேர்ந்தால் 3.2 மெகாஹெர்ட்ஸிலேயே கட்டம் பின்தங்கத் தொடங்கும். என்ஈ5532-இன் லூப் 5 மெகாஹெர்ட்ஸ் அருகே முடிந்துவிடுவதால் ஓரளவு சமாளிக்கும். எல்எம்4562-இன் லூப்போ 27 மெகாஹெர்ட்ஸ் வரை போகப் பார்க்கும். அந்தப் பின்னடைவோடு அதனால் அமைதியாக இருக்க முடியாது. ரெசிஸ்டர்களை 1 கிலோ ஓமாக இறக்கி, ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 முதல் 22 பிகோஃபாரட் போடுங்கள். இரைச்சலும் குறையும்.

அந்தச் சின்னக் கெபாசிட்டரே எமனாகும் இடமும் உண்டு. ஓபிஏ627 எந்தக் கெயினிலும் நிலையாக நிற்கும். அதன் உடன்பிறப்பான ஓபிஏ637 மைக்ரோ நொடிக்கு 135 வோல்ட் ஓடும். ஆனால் கெயின் 5-க்குக் கீழே நிற்காது. கெயின் 10-இல் வைத்தாலும், ஃபீட்பேக்கில் 100 பிகோஃபாரட் போட்டால் உயர் அலைவெண்ணில் கெயின் 1-ஐ நோக்கி இறங்கி, சிப் அலறத் தொடங்கிவிடும். என்ஈ5534-க்கும் கெயின் 3-க்குக் கீழே 5, 8 கால்களுக்கிடையே 22 பிகோஃபாரட் வேண்டும்.

மைக்ரோ நொடிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் எல்எம்6172 போன்றவற்றை ப்ரீஆம்ப்பில் போடுவதை நான் ஏற்கவில்லை. அவை வீடியோ வேலைக்குப் பிறந்தவை. தரைத் தளம் உள்ள பிசிபி இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். பிரட்போர்டில் எதையும் முடிவு செய்யவே வேண்டாம். பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கிடையே சில பிகோஃபாரட் இருக்கிறது.

எந்தச் சிப்பானாலும் சப்ளைக் கால்களுக்கு ஒட்டியே 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் இருக்க வேண்டும். வெளியே கேபிள் போனால் வெளியீட்டில் 47 முதல் 100 ஓம் தொடராகப் போடுங்கள். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் சுமை; நேரே மாட்டினால் வேகமான சிப் தாங்காது.

சோதிப்பதற்கு 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை 100 மில்லிவோல்ட் அளவில் கொடுத்து, ஆசிலோஸ்கோப்பில் மூலைகளைப் பாருங்கள். ப்ரோப் 10எக்ஸில் இருக்கட்டும். 1எக்ஸில் வைத்தால் ப்ரோப்பின் கெபாசிட்டன்ஸே சுமையாகிவிடும், உயர் அலைவெண்ணும் தெரியாது. மூலையில் ஒரு சின்ன மேடு பரவாயில்லை. பல சுற்று அதிர்ந்தால் வடிவமைப்பைத் திருத்துங்கள். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் சிப்பைத் தொட்டாவது பாருங்கள். ±15 வோல்ட்டில் என்ஈ5532 இயல்பாக 8 மில்லி ஆம்பியர் இழுக்கும், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சிக்னல் இல்லாமலே சுட்டால் அது ஆசிலேட் ஆகிறது.

முதல் முறை கட்டுகிறவர் என்ஈ5532-ஐயும் ஓபிஏ2134-ஐயும் தாண்டிப் போகத் தேவையில்லை. சொந்தமாக பிசிபி வரையத் தெரிந்தவர், அளந்து பார்க்கக் கருவியும் உள்ளவர் எல்எம்4562-க்குப் போகலாம். யாராக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச நிலைப்புக் கெயின் என்ன என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.