வழக்கில் உள்ள கட்டடத்தை வாங்குவோர் நம்பிக்கைகளும் உண்மைகளும்

தேனி நகரத்துக் கடைவீதியிலோ, போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கிட்டங்கிகள் நிறைந்த தெருக்களிலோ, கம்பத்திலிருந்து குமுளி செல்லும் சாலையோரத்திலோ ஒரு கட்டடம் சந்தை நிலவரத்துக்கு வெகுவாகக் குறைந்த விலைக்கு வருகிறதென்றால், உடன்பிறந்தார் பாகத் தகராறோ, நிறைவேறாத பழைய கிரய உடன்படிக்கையோ அதன் பின்னணியில் இருக்கக்கூடும் என்று சந்தேகிப்பதே விவேகம். ஆனால் அந்தச் சந்தேகம் எழும்போதே அதைத் தணிப்பதற்கான சமாதானங்களும் தரகர் வாயிலாகத் தயாராக வந்துவிடுகின்றன.

அவற்றுள் பிரதானமானது, “தாவாதான் இருக்கிறது, தடையுத்தரவு இல்லையே” என்பது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடையுத்தரவை எதிர்பார்த்து நிற்பதன்று. அசையாச் சொத்தின் உரிமை நேரடியாகவும் குறிப்பாகவும் விவகாரத்தில் இருக்கையில், வழக்கின் தரப்பினர் ஒருவர் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அதை விற்றால், எதிர்த்தரப்பினருக்குத் தீர்ப்பினால் கிட்டக்கூடிய உரிமையை அந்த விற்பனை கிஞ்சித்தும் பாதிக்காது என்பதே அதன் சாரம். பிராது தாக்கலான தினத்திலிருந்தே இந்த விதி உயிர்பெற்றுவிடுகிறது. பிரதிவாதிக்குச் சம்மன் சேர்ந்திருக்க வேண்டுமென்ற அவசியமும் இல்லை.

“வழக்கு இருப்பதே எனக்குத் தெரியாது, முழுக் கிரயம் கொடுத்து யோக்கியமாக வாங்கினேன்” என்ற வாதம் கேட்பவர் மனத்தை இளக்கக்கூடியது. சட்டத்தை அது இளக்கவில்லை. 1974-இல் ஒருவருக்கு விற்பதாக உடன்படிக்கை செய்த சொத்தை, அதன் உரிமையாளர் 1975 மே 5 அன்று வேறொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்தார். முதலாமவரோ அதற்கு இரண்டு நாள் முன்னதாக, மே 3 அன்றே, வழக்குத் தொடுத்திருந்தார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற அந்த விவகாரத்தில், 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரண்டாவது கிரயதாரரின் நல்லெண்ணத்தை ஒரு கேடயமாக ஏற்க மறுத்து, அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இரண்டு நாள் வித்தியாசத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுக் கால வியாஜ்யம்!

“வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது” என்பதைப்போல் நம் தேனி மாவட்டத்தில் வேரூன்றிய நம்பிக்கை பிறிதொன்று இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான தஸ்தாவேஜுகளைத்தான் அந்தச் சான்று காட்டுமேயொழிய, உத்தமபாளையத்திலோ பெரியகுளத்திலோ தாக்கலான பிராதை அது தானாகக் காட்டுவதில்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் 1939-ஆம் ஆண்டின் பம்பாய்த் திருத்தத்தின்படி, வழக்கு நிலுவையைப் பற்றிய அறிவிப்பு பதிவு செய்யப்பட்டாலே இந்த விதியின் பலன் கிடைக்கும். தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. தமிழகத்து வழக்கொன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றமே, இத்தகைய பதிவை நாடெங்கும் கொண்டுவருவது நலம் என்று யோசனை கூறியது. நிரபராதியான கிரயதாரர்களைக் காக்க வேறு எளிய மார்க்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதிவாளரே பதிந்து கொடுத்தார் என்று ஆறுதலடைவதும் வீண். விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏயின் முதற்பகுதியைச் செல்லாதாக்கியபோது தெளிவுபடுத்திவிட்டது.

இதற்கு நேர்மாறான பிரமையும் உண்டு: வழக்கிலுள்ள சொத்தின் கிரயம் அடியோடு செல்லாது என்பது. அதுவும் தவறு. கிரயம் செல்லும், ஆனால் தீர்ப்புக்குக் கீழ்ப்பட்டு நிற்கும். விற்றவருக்கு முழு உரிமையும் உறுதியானால் வாங்கியவருக்கும் முழுமையாகக் கிட்டும். நான்கில் ஒரு பாகமே அவருக்கென்று தீர்ப்பானால் கிரயதாரருக்கும் அந்தக் கால் பாகமே மிஞ்சும். கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே சம உரிமை உண்டென்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, அண்ணன் தம்பிமார் கையெழுத்தை மட்டும் பெற்றுக்கொண்டு கட்டடம் வாங்குவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வெறும் பணக் கடனுக்கான தாவாவுக்கு 52-ஆம் பிரிவு பொருந்தாதென்பது மெய்யே; ஆயினும் அதில் சொத்து ஜப்தியாகியிருந்தால் பிறகு நடந்த தனிப்பட்ட விற்பனை ஜப்தி பெற்றவரைக் கட்டுப்படுத்தாது.

கடைக்காரர்களிடம் வாடகை வசூலிக்கத் தொடங்கிவிட்டால் சுவாதீனம் பலப்பட்டுவிடும் என்பாரும் உளர். வழக்கு நிலுவையில் வாங்கியவர் தீர்ப்பை நிறைவேற்ற வருவோரை ஆட்சேபித்துத் தடுக்க இயலாதென்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தாயிற்று என்பதும் முடிவன்று. தீர்ப்பாணை முழுமையாக நிறைவேறும்வரை வழக்கு நிலுவையாகவே கருதப்படும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும் மேல்முறையீடும் அதில் அடக்கம்.

ஆகையால் வாங்க நினைத்தால், விற்பவர் பெயரை மட்டுமன்றி அவருடைய தந்தை, உடன்பிறந்தார் பெயர்களையும் கொண்டு மாவட்டத்து நீதிமன்றங்களின் பதிவுகளை இணையத்திலும் நேரிலும் தேடிப் பாருங்கள். வழக்கு இருந்தால் பிராதின் நகலையும் எதிருரையின் நகலையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நீதிமன்றத்தின் அனுமதி கிடைக்கும்வரை, அல்லது தரப்பினர் அனைவரும் கையெழுத்திட்ட சமரசம் தீர்ப்பாணையாகும்வரை, முன்பணம்கூடக் கொடாதிருங்கள்.